ஐந்து மைல் தள்ளி ஒரு பீர்

எழுபத்து மூன்றாம் வருடம், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இது நடந்தது. அப்போது நாங்கள் அடையாறில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்குக் குடியிருந்தோம். மதுவிலக்கைத் தளர்த்தி, தமிழ்நாடு முழுக்கக் கடைகளைத் திறந்திருந்த வருடங்கள் அவை. அதுவரை ஒளிந்து மறைந்து நடந்த காரியம், திடீரென்று போர்டு மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்திருந்தது. அந்த போர்டு தெரிந்தாலே நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

அதற்குக் காரணம் இருந்தது. என் அண்ணன் கள்ளச்சாராயத்தால் செத்தவன். முப்பத்திரண்டு வயது. அவனைத் தூக்கி வந்து போட்ட நாளை நான் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து கள், சாராயம், பீர், பிராந்தி என்ற வித்தியாசமெல்லாம் எனக்குக் கிடையாது. எல்லாமே விஷம்தான்.

என் கணவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தார். நல்ல மனிதர், நல்ல உருட்டு உடம்பு. எடை தொண்ணூற்று நாலு கிலோ. கடைகள் திறந்த பிறகு உடன் வேலை பார்ப்பவர்கள் பீரைப் பழக்கினார்கள். அவர் என்னிடம் மறைக்கவில்லை. "சனிக்கிழமை ஒரு நாள், டி. நகர்ல ஒரு ஹோட்டல் மாடியில, ஒரு பாட்டில் பீர். வாரம் பூரா அந்த மெஷின் சத்தத்துல இருந்துட்டு வர்ற எனக்கு அது ஒரு சந்தோஷம். உனக்குத் தெரியாம குடிக்க எனக்குப் பிடிக்கல" என்று நேராகச் சொல்லிவிட்டார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாவது நாள் பேசினேன், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஜெர்மனியிலிருந்து புது மெஷின் வரப்போகிறது, அதைப் பழகிக்கொண்டு வர ஒரு ஆளை ஆறு மாதம் அங்கே அனுப்பப் போகிறார்கள். அந்த ஆள் என் கணவர்தான் என்று முடிவாகிவிட்டது. வீட்டில் தீபாவளி மாதிரி இருந்தது. எங்கள் ஏழு வயதுப் பெண், பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் உடல் தகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய டாக்டர், ஆழ்வார்பேட்டையில் இருந்தவர், இவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மூன்றரை மாதம் தவணை கொடுத்தார். எண்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே இறங்கி வந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் லிஸ்டில் அடுத்து இருக்கிற ஆள் போவார்.

நான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு களத்தில் இறங்கினேன். அரிசிச் சோற்றை அடியோடு நிறுத்தினேன். காலையில் முழுப் பாலில் வெல்லம் போட்டுக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி. மத்தியானத்துக்குச் சப்பாத்தி. சாயங்காலம் கோதுமை ரவை உப்புமா. அரிசி போனால் சதை போகும் என்று நான் மனதார நம்பினேன்.

கிண்டி ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் ஒரு எடை மெஷின் உண்டு. ஏறி நின்று காசு போட்டால் விளக்கெல்லாம் மின்னி, ஒரு சின்ன அட்டை வந்து விழும். முன்பக்கம் எடை, பின்பக்கம் ஜோசியம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் அந்த அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். முதல் மாதம் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றிரண்டு என்று மெல்ல இறங்கியது. தொண்ணூறுக்கு வந்ததும் நின்றுவிட்டது. மூன்று வாரம், மூன்று அட்டை, மூன்றிலும் தொண்ணூறு. பின்பக்கத்தில், "உங்கள் முயற்சிகள் விரைவில் கைகூடும்" என்று இருந்தது. நான் அதைக் கிழித்துப் போட்டேன்.

எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் அந்த பீர்தான். அதிலும் ஒரு பாட்டில் என்று சொல்வது பொய். சனிக்கிழமை நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் எட்டரைக்குத்தான் திரும்புவார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கும், முகம் சிவந்திருக்கும். ஒரு பாட்டில் பீருக்கு நாலு மணி நேரமா? அவர் சீக்கிரம் வரட்டும் என்று சனிக்கிழமைதோறும் அவருக்குப் பிடித்த அடையை வார்த்து, மேலே வெண்ணெய் வைத்து, பக்கத்தில் வெல்லமும் வைத்துக் காத்திருப்பேன். ஒரு வார்த்தை பேசாமல் ஆறு அடை சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். பேச முடியாத அளவுக்குக் குடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை, கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். பெண்ணைக் கீழே வீட்டுச் சொந்தக்காரரின் மனைவியிடம் விட்டேன். அந்த மாமி, "தாராளமா விட்டுட்டுப் போங்கோ. எங்காத்து மாமாவும் இல்லை. மயிலாப்பூர்ல உபன்யாசம் கேக்கப் போயிருக்கார், வர நாழியாகும்" என்றார். குடிக்கிறவர்களுக்கு வீடு கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மாமா எங்களுக்கு வீட்டையே கொடுத்தார். இப்படியும் ஆண்கள் இருக்கிறார்களே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

அவர் பஸ் ஸ்டாப்பில் நிற்பார், நான் பின்பக்கமாக அதே பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். ஆனால் அவர் நிற்கவில்லை. பஸ் வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாலத்தை நோக்கிக் கையை வீசி நடந்துகொண்டிருந்தார். அப்படியென்றால் டி. நகர் என்றதே பொய்யா? வேறு எங்கே போகிறார்? அங்கே நின்றிருந்த ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுகிறவர் ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள்.

"எங்கம்மா போவணும்?"

"அதோ, நீலச் சட்டை போட்டுட்டு நடந்து போறார் பாருங்க. அவர் பின்னாடி. கிட்டப் போகக் கூடாது. விட்டுடவும் கூடாது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வூட்டுக்காரரா?"

நான் அந்த நீலச் சட்டையிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

"சின்ன வூடா?" என்றார், மிகவும் அனுதாபத்தோடு.

எனக்கு வந்த கோபத்தில், "ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி காதிலேயே நின்றது.

நடந்து போகிறவருக்குப் பின்னால் ரிக்‌ஷா ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு மிதி மிதித்தால் அவருக்குப் பக்கத்தில் போய்விடும். பிறகு ஓரமாக நின்று காத்திருக்க வேண்டும். பாலம் ஏறும்போது நான் இறங்கிக்கொண்டேன், ரிக்‌ஷாக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆற்றுக் காற்று சேலையை இழுத்தது. முன்னால் என் கணவர் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

மந்தைவெளியில் ஒரு பஜ்ஜிக் கடை. இவர் நின்றார். வாழைக்காய் பஜ்ஜி என்றால் உயிரை விடுகிறவர். எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு யாரையோ கட்டாயப்படுத்தி இழுத்துக்கொண்டு போவதுபோல் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போனார். அடுத்த தெருமுனையில் ஒரு மதுக்கடை இருந்தது. அதன் பக்கம் திரும்பவேயில்லை.

"இன்னாமா இது," என்றார் ரிக்‌ஷாக்காரர். "கடைய வுட்டுட்டுப் போய்க்கினே கீறாரு."

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் வசமாக மாட்டிக்கொள்ள இருந்தோம். எதிரே தெரிந்தவர் யாரோ வந்தார்கள் போலிருக்கிறது, இவர் சட்டென்று திரும்பி நாங்கள் இருந்த பக்கமே பார்த்தார். நான் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு குனிந்தேன். ரிக்‌ஷாக்காரர் கண்ணிமைக்கும் நேரத்தில் வண்டியைப் பூக்கடைக்குப் பின்னால் திருப்பினார். பூக்காரி கத்தினாள். ரிக்‌ஷாக்காரருக்கோ அதற்குள் இது தன் சொந்தக் குடும்ப விஷயம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. "பாக்கலமா, பாக்கல. போறாரு, போறாரு" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

லஸ் தாண்டி ஆழ்வார்பேட்டையில் என் கணவர் ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்தார். தூரத்திலிருந்தே அவர் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. நீலச் சட்டை கறுப்பாகியிருந்தது. ஷூவைக் கழற்றிக் குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மறுபடி மாட்டிக்கொண்டார். எழுந்திருக்க இரண்டு தடவை முயற்சி செய்து, மூன்றாவது தடவை எழுந்தார். பஸ் ஒன்று அவருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. கண்டக்டர் அவரைப் பார்த்தார். இவர் பஸ்ஸைப் பார்த்தார். பிறகு கையை அசைத்து அனுப்பிவிட்டார்.

கொஞ்ச தூரம் போன பிறகு ரிக்‌ஷாக்காரர் திரும்பாமலே, "தப்பு பண்ணப் போற ஆளு இப்டியாமா கஷ்டப்பட்டுப் போவாரு?" என்றார்.

பாண்டி பஜாரில் சனிக்கிழமைக் கூட்டம். அங்கே அவரைத் தவறவிட்டுவிட்டோம். நான் ரிக்‌ஷாவில் எழுந்தே நின்றுவிட்டேன். துணிக்கடை வாசல்கள், பலூன்காரர்கள், குடும்பம் குடும்பமாக மனிதர்கள், எங்கேயும் நீலச் சட்டை இல்லை. "அதோ மா, மாடிப்படி" என்று ரிக்‌ஷாக்காரர் கை காட்டினார். ஒரு ஹோட்டலின் பக்கவாட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன அதே ஹோட்டல்தான்.

குடும்பப் பெண் மதுக்கூடத்துக்குள் நுழைவது என்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். படியில் நின்றிருந்த காவலாளி, "லேடீஸெல்லாம் வரக்கூடாதுமா" என்று மறித்தார். "என் புருஷன் உள்ளே இருக்கார்" என்றேன். அவர் உடனே வழி விட்டுவிட்டார். இந்த மாதிரி விஷயங்களில் அவருக்கு அனுபவம் இருந்திருக்கும்.

உள்ளே அரை இருட்டு. நான் போய் நின்றதும் பேச்சுச் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. ஒருவர் செய்தித்தாளால் முகத்தை மூடினார். தூணுக்குப் பக்கத்து மேஜையில் இன்னொருவர் மெனு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மறைப்பதற்குள் அந்த விபூதிப் பட்டையைப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். உபன்யாசம் கேட்கப் போனவர்.

மெனு அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "ஆத்துல சொல்லிடாதேள்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு மூலையில் உட்கார்ந்திருந்த என் கணவரைத் தவிர யாரும் தெரியவில்லை. எதிரே ஒரு பாட்டில், ஒரு கிளாஸ், ஒரு தட்டில் வெள்ளரித் துண்டுகள். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. நான் அந்த பாட்டிலைத் தூக்கி உடைக்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். கை வரவில்லை.

"வா, உட்காரு," என்றார் அவர். "எப்படி வந்தே?"

"ரிக்‌ஷாவில. வீட்டிலேர்ந்து உங்க பின்னாடியே."

கிளாஸைக் கீழே வைத்தார். "பூராவும் பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவர் முகத்தில் மாட்டிக்கொண்ட பயம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. தனியாக இருக்கும்போது பாடிக்கொண்டிருந்ததை யாரோ கேட்டுவிட்ட மாதிரி ஒரு வெட்கம்.

வெயிட்டர் வந்து எனக்கு ஒரு சோடா வைத்தார். அவர்தான் முதலில் பேசினார். "சார் இன்னிக்குத்தாம்மா முழு பாட்டிலும் குடிக்கப் போறேன்னாரு. எப்பவும் பாதி, முக்கா குடிச்சிட்டு மீதிய அப்டியே வெச்சிட்டுப் போயிருவாரு. நாங்களே கேட்டிருக்கோம், இன்னா சார் கணக்கு இதுன்னு."

கணக்கை என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டர் தவணை கொடுத்து, நடக்கவும் சொன்ன வாரத்திலிருந்து அவர் தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு தூரம் நடக்கிறாரோ அவ்வளவுதான் பீர். முதல் சனிக்கிழமை மந்தைவெளியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார், பஸ் ஏறி வந்தார், கால் கிளாஸோடு எழுந்து போனார். அடுத்த வாரம் குளம் வரைக்கும். அதற்கடுத்த வாரம் லஸ் வரைக்கும். இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொண்டே வந்து, அந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவையாக வீட்டிலிருந்து முழு ஐந்து மைலும் நடந்து வந்திருக்கிறார். நான் பின்னால் வந்த அதே நாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"முழுசா நடந்த பிறகு சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே சொல்லி, முடியலைன்னா உன் முகத்தைப் பார்க்கணுமே."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "இவ்வளவு நடந்தும் ஏன் எடை இறங்கலே?"

அவர் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்தார், திரும்பத் தட்டில் வைத்தார். "சொன்னா கோபப்படக் கூடாது."

"மாட்டேன்."

"உன் அடை."

"அடையா?" என்றேன்.

"அடை மட்டும் இல்ல. கஞ்சியில வெல்லம், உப்புமாவுல எண்ணெய். மத்த நாள்ல கொஞ்சம் வேண்டாம்னு சொல்லிப் பார்ப்பேன். சனிக்கிழமை மட்டும் வாய் வராது. உனக்குப் பிடிக்காததைச் செஞ்சுட்டு வந்திருக்கேன், நீ அடை வார்த்து வெச்சிட்டு உட்கார்ந்திருக்கே. அப்போ எப்படி வேண்டாம்னு சொல்றது? வெக்கிறதையெல்லாம் சாப்பிட்டுட்டுப் போய்ப் படுத்துடுவேன்."

பேச முடியாத அளவுக்குக் குடித்திருக்கிறார் என்று நான் நினைத்த எட்டு சனிக்கிழமைகளும் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. அந்த மதுக்கூடத்தில், சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, நான் அழுதேன். செய்தித்தாள்காரர் பில்லைக் கேட்டு அவசரமாக எழுந்து போனார்.

கீழே ரிக்‌ஷாக்காரர் போகாமல் காத்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாமா, ராஜியா?" என்றார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். யார், எதற்கு என்று எதுவும் புரியாமலே. நாங்கள் பஸ் ஏறி, மந்தைவெளியிலேயே இறங்கி, பாலத்தின் மேல் சேர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தோம். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவரோடு அவ்வளவு தூரம் நான் நடந்தது அதுதான் முதல் தடவை.

மறுவாரம் இரண்டு பேருமாக டாக்டரிடம் போனோம். வீட்டில் என்னென்ன கொடுக்கிறேன் என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை மூடினார். "பீர் உடம்புக்கு நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. குறைச்சா நல்லது. ஆனா இவர் தொப்பையில பீரோட பங்கு கொஞ்சம்தான். மீதி உங்க கைமணம்" என்றார். எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அடுத்து வந்த வாரங்கள் என் வாழ்க்கையிலேயே மிகவும் விறுவிறுப்பானவை. விடிந்ததும் மூன்று பேரும் பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும் நடப்போம், பெண் முன்னால் ஓடுவாள். சோறு திரும்பி வந்தது, ஒரு கரண்டி. காய்கறி மலை மாதிரி. எண்ணெய்ப் பாத்திரத்தை எட்டாத உயரத்தில் வைத்தேன், எனக்கே எட்டாத உயரத்தில். சனிக்கிழமை பீர் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆனது. அதை அவராகவே குறைத்தார். அந்த நாட்களில் நானும் கூடவே நடந்தேன். மேலே மட்டும் போகவில்லை. அவர் வரும்வரை பனகல் பார்க்கில் உட்கார்ந்து கடலை கொறிக்காமல் இருக்கப் பழகினேன். கிண்டி ஸ்டேஷன் அட்டைகள் எண்பத்தெட்டு, எண்பத்தாறு என்று இறங்க ஆரம்பித்தன. ஒரு வாரம் ஒன்றுமே இறங்கவில்லை. கடைசித் திங்கட்கிழமை எண்பத்திரண்டேகால்.

பரிசோதனை நாளில் நான் கிளினிக்குக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எடைக்கல்லை நகர்த்தும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி நகர்ந்தது. மறுபடி நின்றது. நான் எந்தச் சாமியையும் விடவில்லை. கதவு திறந்து அவர் வந்தார். முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

"குளிர் தாங்கற மாதிரி ஒரு கோட்டு தைக்கணுமாம்," என்றார்.

எண்பத்தொன்றரை.

அவர் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தபோது இங்கே மறுபடி கடைகளை மூடிவிட்டிருந்தார்கள். "சரி, நடக்கிறதுக்கு வேற காரணம் தேடணும்" என்று சொன்னதோடு முடித்துக்கொண்டார். பிறகு அவர் பீரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

குடியை நான் இன்றும் வெறுக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அதன் மேலிருந்த பயத்தில், பக்கத்தில் இருந்த மனிதரைப் பார்க்கத் தவறிவிட்டேன். இப்போதெல்லாம் யார் மேலாவது குற்றம் சொல்ல வாய் எடுக்கும்போது, அவர்களோடு கொஞ்ச தூரமாவது நடந்து பார்த்தாயா என்று என்னையே ஒரு முறை கேட்டுக்கொண்ட பிறகுதான் பேசுகிறேன்.